ஐந்து டப்பாவிலும் ஒரே ஈரம்

அந்தோ, ரீனா இருவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேக்கா உணவங்காடியில் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தோ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தோ கேட்டது இது: "அப்பா, இப்ப பாக்கற வேலைய விடலாம்னு இருக்கேன். ஆரோக்கியம் அங்கிள் அவர் கம்பெனியில பார்ட்னரா வரச் சொல்றார். மரச்சிப்ஸ், பெல்லட், கூரை மேல சோலார், எல்லாத்துக்கும் இனிமே இங்க நல்ல மார்க்கெட் இருக்கு. நீங்க அவரோட பல வருஷம் வேலை பாத்தவங்க. ஆளை நம்பலாமா?"

நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

"அப்பா யோசிக்கிறேன்னா நோன்னு அர்த்தம் லா," என்றாள் ரீனா. உங்கள் அம்மா என்னைப் பார்க்காமல் தேத்தண்ணீரைக் குடித்தாள்.

ரயிலில் வரும்போது அந்தோ மெதுவாக, "அவர் ஒரு வாரம் டைம் குடுத்திருக்கார். அப்ப அடுத்த திங்கக்கிழமை அவர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்ப்பா," என்றான். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. செம்பவாங்கில் இறங்கியபோது ரீனா என் காதருகே, "நீங்க பேசினா பாதியில நிறுத்திடுவீங்க. எழுதுங்க," என்றாள். அவள் சொன்னது சரி. நான் மௌனமாக இருந்ததற்குக் காரணம் ஆரோக்கியத்திடம் இல்லை. என்னிடம் இருக்கிறது.

முதலில் மார்க்கெட்டைப் பற்றி. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். இந்தத் தீவில் வெட்டி விற்கக் காடு கிடையாது, ஆனால் மரக்கழிவுக்குப் பஞ்சம் இல்லை. சாலையோர மரங்களின் கிளைகளை வருடம் முழுவதும் வெட்டுகிறார்கள். துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றி வருகிற மரப்பலகைத் தட்டுகள் உடைகின்றன. சுங்கை காடுட் பக்கம் தட்டுமுட்டுச் சாமான் செய்கிறவர்கள் துண்டு துண்டாகத் தள்ளுகிறார்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் சொல்லவே வேண்டாம். எரிப்பதற்கு ஆலை இருக்கிறது, நீராவி வாங்கத் தொழிற்சாலை இருக்கிறது. நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. இந்த மரத்தைச் சேகரித்து, ஆணி பிடுங்கி, பெயின்ட் அடித்ததை ஒதுக்கி, சிப்ஸாக அரைத்து, காய வைத்து, ஒரே தரமாகக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள் குறைவு. வாய்ப்பு அங்கேதான். சோலார் தகடு விற்கிறவன் வெயிலை நம்புகிறான். நம் தொழிலில் எல்லாம் ஈரத்தைப் பொறுத்தது. ஈரமான மரத்தை விற்கிறவன் தண்ணீரை விற்கிறான். உலைக்குள் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே பாதிச் சூடு போய்விடும். புகை வரும், நீராவி குறையும்.

இதை நான் இன்று கண்டுபிடிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்தேன். அதுதான் என் வியாதியின் ஆரம்பம்.

என் படிப்பு உங்களுக்குத் தெரியும். தொடக்கப்பள்ளி வரை ஒழுங்காக, அதற்கு மேல் ஒப்புக்கு. கப்பல் பட்டறையில் சேர்ந்து, எண்ணெய் துடைத்து, பாய்லர் பக்கம் ஒதுங்கி, மூன்று தடவை பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கினேன். கப்பல் வேலை குறைந்தபோது கிராஞ்சி பக்கம் மரக்கழிவை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கும் ஆலையில் ஆள் கேட்டார்கள். போனேன். கொஞ்ச காலம் உலை முன்னால் நின்றேன். முழங்கால் கெட்டதும் லாரி வருகிற வாசலுக்கு மாற்றினார்கள். வருகிற சரக்கைப் பார்த்து, மாதிரி எடுத்து, ஈரம் அளந்து, எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான்.

அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் ஆலை மேலாளர் மிஸ்டர் செங். ஒல்லியானவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார், உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிக்கும்வரை நமக்கு நேரம். ஏன் என்று கேட்கவே மாட்டார். எங்கே, எப்போது, எந்தக் கை என்றுதான் கேட்பார். ஒரு தடவை நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். "ஏன் என்று கேட்டால் எல்லாரும் கதை சொல்வார்கள். எங்கே என்று கேட்டால் கதை குறைந்துவிடும்," என்றார். அவர் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய். நான் தமிழில் எழுதுகிறேன்.

மாதிரி எடுப்பது எப்படி என்று அவர் காட்டிக் கொடுத்ததை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். லாரி எடைப்பாலத்தில் ஏறி நிற்கும். மேலே கட்டிய கான்வாஸை அவிழ்க்க வேண்டும். கையுறையைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் கையுறைக்கு ஈரம் தெரியாது. மேலாக இருக்கும் சிப்ஸை ஒரு சாண் ஆழத்துக்கு ஒதுக்கிவிட்டு, முழங்கை மறையும்வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுக்க வேண்டும். நான்கு மூலை, நடு, ஆக ஐந்து இடம். ஐந்தும் ஐந்து தனித்தனி மூடி போட்ட டப்பாவில். பிடித்துப் பார்த்தால் உள்ளங்கையில் ஒட்டுகிறதா, புளித்த வாசம் அடிக்கிறதா என்று குறிக்க வேண்டும். படிவத்தில் ஒரு நீள்சதுரம் அச்சடித்திருக்கும். அதுதான் லாரி. எங்கெங்கே கை விட்டோமோ அங்கே பென்சிலால் பெருக்கல் குறி. பிறகு டப்பாக்களை எடை போட்டு அடுப்பில் வைத்து, மறுநாள் எடுத்து மறுபடி எடை. குறைந்த எடைதான் தண்ணீர்.

"ஐந்து டப்பாவையும் ஏன் பாஸ் ஒன்றாகக் கலக்கக்கூடாது, வேலை மிச்சம்தானே?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"கலந்தால் லாரி பேசாது. நீதான் பேசுவாய்," என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஆரோக்கியம் அந்த ஆலைக்கு டெக்னீஷியனாக வந்தான். திருச்சிப் பக்கம் ஊர். நம் கோவிலுக்கே வருவான், பின் வரிசையில் நின்று பாடுவான். என்னை விடப் பல வயது இளையவன், டிப்ளமா படித்தவன், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மதியம் இருவரும் கன்வேயர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான்தான் பேசுவேன். மரத்தைச் சேகரிக்க ஒரு ஆள் இருந்தால், காய வைக்க ஒரு கொட்டகை இருந்தால், ஆலைகள் தேடி வரும் என்பேன். எந்தக் கடையில் நல்ல துண்டு கிடைக்கும், எந்தப் பலகைத் தட்டில் ஆணி குறைவு என்றெல்லாம் சொல்வேன். அவன் மென்றுகொண்டே கேட்பான். "அண்ணே, நீங்க இத செய்யணும்ண்ணே," என்பான். "செய்யத்தான் போறேன்," என்பேன். இப்படியே வருடங்கள் போயின.

அவனுக்கு இங்கேயே தங்க நிரந்தரவாசம் கிடைத்தது. கிடைத்த அந்த வருடமே வேலையை விட்டான். வாடகைக்கு ஒரு கொட்டகை, பழைய அரவை இயந்திரம் ஒன்று, ஒரு லாரி. மனைவியின் தம்பி வில்சனைக் கூட வைத்துக்கொண்டான். வில்சன் நல்ல உடம்பு, அதிகம் பேசமாட்டான், லாரி ஏற்றுவதும் கான்வாஸ் கட்டுவதும் அவன் பொறுப்பு.

செய்தியைக் கேட்டு வீட்டுக்கு வந்து, "என் யோசனையத் திருடிட்டான்," என்றேன். உங்கள் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "நீங்க அதை தினம் சோத்தோட சேத்து முழுங்கினீங்க. அவரு முழுங்கல, அவ்வளவுதான்."

அதன்பின் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அவள் சொன்னது உண்மை என்பதால்தான்.

பிள்ளைகளே, பொறாமை பெரிய விஷயத்தில் வருவதில்லை. அவன் லாரியின் கதவில் பெயர் எழுதியிருந்த நீலம் எனக்குப் பிடிக்கவில்லை. கோவில் திருவிழாக் கூட்டத்தில் சாமியார் அவனைப் பெயர் சொல்லி முன்னால் உட்காரச் சொன்னதும், நான் அங்கே இருபது வருடமாக நாற்காலி அடுக்குகிறவன் என்று நினைத்தேன். உலகத்தில் எவன் முன்னேறினாலும் எனக்குக் கவலை இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து என் ஊறுகாயைத் தொட்டுத் தின்றவன் முன்னேறினால்தான் தொண்டையில் இறங்கவில்லை.

எங்கள் ஆலைக்கு அவன் சரக்கு கொடுக்க விண்ணப்பித்தான். மிஸ்டர் செங் மூன்று லாரி பரீட்சைக்கு அனுமதித்தார். மூன்றும் தேறினால் ஒப்பந்தம். மூன்றையும் சோதிப்பது நான்.

முதல் லாரி வந்தது. ஐந்து இடத்தில் கை விட்டேன். ஐந்திலும் சிப்ஸ் விரல் இடுக்கில் உதிர்ந்து விழுந்தது. அவ்வளவு காய்ந்த சரக்கை எந்தப் பெரிய கம்பெனியும் கொண்டு வந்ததில்லை. நான் வருடக்கணக்கில் வாயால் சொன்ன கொட்டகை, வாயால் சொன்ன காற்றோட்டம், எல்லாம் என் கைக்குள் இருந்தது. தேறியது என்று எழுதினேன். இரண்டாவது லாரியும் அப்படியே. "எப்படிண்ணே சரக்கு?" என்று கேட்டான். "பரவால்ல," என்றேன்.

மூன்றாவது லாரி வந்த அன்று சாலையெல்லாம் மழைத்தண்ணீர். மேலே வில்சன் கட்டிய கான்வாஸில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பின்கதவில் ஒரு விரல் அகல இடைவெளி இருந்தது. சக்கரம் அடித்த தண்ணீர் அதன் வழியே ஏறி, வலது பின்மூலையில் மட்டும் நனைந்திருந்தது. ஒரு கூடை அளவு இருக்கும். மற்ற இடமெல்லாம் எப்போதும்போல் காய்ந்து கிடந்தது. முறைப்படி எடுத்திருந்தால் ஒரு டப்பா கெட்டு, நான்கு டப்பா நன்றாக வந்து, சராசரியில் தாராளமாகத் தேறியிருக்கும்.

நான் அந்த மூலையிலேயே நின்றேன். முதல் டப்பா அங்கே எடுத்தேன். இரண்டாவது டப்பாவுக்கு நகர வேண்டும், நகரவில்லை. கை தானாகப் போனது என்று சொல்லமாட்டேன். நான்தான் விட்டேன். ஐந்து டப்பாவையும் அந்த ஈரக் கூடையிலிருந்து நிரப்பினேன். படிவத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் அழகாகப் பெருக்கல் குறி போட்டேன். கீழே நின்ற வில்சன், "முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்டான். "முடிஞ்சுது," என்றேன். லாரியைத் திறந்தவெளி முற்றத்தில் கொட்டச் சொன்னேன். முடிவு வரும்வரை அங்கே தனியாகக் கிடக்க வேண்டும் என்பது விதி.

மறுநாள் அடுப்பிலிருந்து டப்பாக்களை எடுத்து எடை போட்டேன். ஐந்தும் எல்லையைத் தாண்டியிருந்தன. படிவத்தை மிஸ்டர் செங்கின் மேசையில் வைத்தேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை எடுத்து ஐந்து எண்ணுக்கும் கீழே ஒரு கோடு இழுத்தார். ஐந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

"இத்தனை வருடத்தில், நனைந்த லாரி ஒன்றில் ஐந்து இடமும் ஒரே ஈரமாக வந்து பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஏன் ஐந்து டப்பா தனித்தனியாக என்று. லாரி பேசிவிட்டது.

"நல்ல மழை பாஸ்," என்றேன்.

"கை எங்கே விட்டாய்?"

"குறி போட்டிருக்கேனே பாஸ். அஞ்சு இடத்தில."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்ல அவர் எனக்குக் கொடுத்த நேரம் அது. நான் சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து, முற்றத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். முந்திய மாலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் ஆரோக்கியத்தின் சரக்கு முழுக்க ஊறிக் கறுத்துக் கிடந்தது. அவர் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"மறுபடி எடுக்க முடியாது. மழை பெய்துவிட்டது. இப்போது உன் எண்கள் சரியாகிவிட்டன," என்றார்.

அறைக்குத் திரும்பி, நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "உன் கையெழுத்தைத்தான் நான் படிக்க முடியும்," என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகல் சரக்கைத் திரும்ப ஏற்ற ஆரோக்கியமும் வில்சனும் வந்தார்கள். ஆரோக்கியத்தின் முகத்தில் களையே இல்லை. குவியலைப் பார்த்தான், கான்வாஸைப் பார்த்தான், பிறகு வில்சனிடம் திரும்பினான்.

"கட்டச் சொன்னேன்ல. ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாதா உனக்கு? மூணே லாரி. மூணு லாரி காப்பாத்தத் தெரியல."

"நல்லாத்தான் கட்டினேன் மாமா."

"அப்ப தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? அஞ்சு டப்பாவும் பொய் சொல்லுதா? அண்ணன் பொய் சொல்றாரா?"

வில்சன் என்னைப் பார்த்தான். நான் கையில் இருந்த அட்டையில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாள் காலை மிஸ்டர் செங் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். முதல் லாரியில் என்னோடு ஏறினார். தானே ஐந்து இடத்தில் கை விட்டார், என்னையும் விடச் சொன்னார், குறி போட்டார், இறங்கினார். இரண்டாவது லாரி, மூன்றாவது லாரி, அப்படி ஒரு வாரம் முழுக்க. கூட இருந்தவர்கள், "பாஸே உன்கூட ஏறுறாரு, ப்ரோமோஷன்தான் லா," என்று கிண்டல் செய்தார்கள். நான் சிரித்து வைத்தேன். மறு வாரம் புதுப் படிவம் வந்தது. மாதிரி எடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர், இரண்டு கையெழுத்து. வேலை கூடிவிட்டது என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். எந்தப் புண்ணியவானால் வந்த விதி என்று யாருக்கும் தெரியாது. நானும் அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்தேன்.

ஒப்பந்தம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனது. ஆரோக்கியம் அரவை இயந்திரத்தை விற்றான். அவன் மனைவி ஒரு சாப்பாட்டு நிலையத்தில் தட்டு கழுவப் போனாள். சில வருடம் அவன் செடி நர்சரி ஒன்றில் லாரி ஓட்டினான். பிறகு எரிப்பதற்கு எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டைக் கடல்தாண்டி வாங்கி விற்கும் வியாபாரம், அதிலிருந்து மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட், இப்போது கூரைச் சோலார் என்று மேலே வந்தான். இன்று அவன் படம் தொழில் கண்காட்சி விளம்பரத்தில் வருகிறது. பார்க்கிறவர்கள், அன்று அந்த ஒப்பந்தம் போனதே அவனுக்கு நல்லதாயிற்று என்பார்கள். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசை வந்ததுண்டு. அதுவும் பொறாமைதான். அவன் முன்னேற்றத்திலும் ஒரு பங்கு கேட்கிற பொறாமை.

பாவசங்கீர்த்தனத்தில் பல முறை, "சாமி, எனக்குப் பொறாமை இருக்கிறது," என்று சொல்லியிருக்கிறேன். ஜெபமாலை சொல்லச் சொல்வார், சொல்வேன். பொறாமை என்று சொன்னேனே தவிர, கை எங்கே விட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இதுவரை வியாழக்கிழமை எழுதினேன். இதை அப்படியே உங்களிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். உங்கள் அம்மா படித்துவிட்டு, "பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டா ஆச்சா? சொல்ல வேண்டியவர் கிராஞ்சியில இருக்காரு," என்றாள்.

ஆகவே இன்று சனிக்கிழமை காலை ஆரோக்கியத்தின் கொட்டகைக்குப் போனேன். அங்கே பஸ் அபூர்வம். இறங்கி வெகுதூரம் நடந்தேன். ஆரோக்கியம் கொட்டகை வாசலில் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஃபோனை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"என்னண்ணே, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்ல. முழங்கால வச்சுக்கிட்டு."

அந்த வண்டிகூட என்னைக் குத்தியது. மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

உள்ளே உட்கார வைத்தான். அந்தோவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து, "தங்கமான பையன்ண்ணே," என்று ஆரம்பித்தான். நான் நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது லாரி, பின்மூலை, ஐந்து டப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. எங்கே என்று மட்டும் சொன்னேன்.

முடித்ததும் கேட்டான்: "அப்ப வில்சன் ஒழுங்காத்தான் கட்டியிருக்கான்."

"ஒழுங்காத்தான் கட்டியிருந்தான்."

"நான் அவனை அன்னைக்கு என்னென்ன சொன்னேன் தெரியுமாண்ணே?"

"தெரியும். நின்னு கேட்டேன்."

"கேட்டுக்கிட்டா நின்னீங்க?"

எழுந்து வெளியே போனான். சிப்ஸ் குவியலைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது.

"காண்ட்ராக்ட் போனதப் பத்தி எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. ஒண்ணு போனா இன்னொண்ணு. அந்த மாசமே அவனை ஊருக்கு அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அவனும் நானும் பேசினதே இல்ல. அவன் கல்யாணத்துக்கு நான் போகலண்ணே. என் பொண்டாட்டி தனியாப் போயி நின்னா. எல்லாரும் மாமா எங்க, மாமா எங்கன்னு கேட்டாங்களாம்."

வில்சன் ஊருக்குப் போனது எனக்குத் தெரியும். வேலை அனுமதி முடிந்து போனான் என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"அந்தோ விஷயத்த இதோட சேக்காத," என்றேன்.

"அவன் என்ன பண்ணினான்? திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. முதல் ஆறு மாசம் லாரி மேலதான், ஆபீஸ் ரூம் கிடையாது. ஆனா உங்கள மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அது வேற."

"நினைக்கல."

அந்தோ, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஆளை நம்பலாம். நான் அறிந்தவரை அவன் பழியை அடுத்தவர் தலையில் போட்டதில்லை. ஒரே ஒரு தடவை போட்டான், அதுவும் நான் போட வைத்தது. அவன் சொல்கிற ஈர அளவு அப்படியே இருக்கும். சோலாரைப் பற்றி எனக்குத் தெரியாது, அதை நீயே விசாரித்துக்கொள். மரத்தைப் பொறுத்தவரை இந்த ஊரில் அவனைவிடத் தெரிந்தவன் இல்லை. இதை எழுத எனக்குக் கை வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றதை நோ என்று எடுத்துக்கொள்ளாதே.

இனி, அங்கே பிறகு நடந்தது. ஆரோக்கியம் ஃபோனை எடுத்து வில்சனின் எண்ணைத் தேடினான். அவனிடம் இருந்தது பழைய எண், புதியதை மனைவியிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மணி அடிக்க ஆரம்பித்ததும் என் கையில் கொடுத்தான். "நீங்களே சொல்லுங்க," என்றான்.

நான் யார் என்று சொன்னேன். "ஓ, கிராஞ்சி அண்ணனா. நல்லா இருக்கீங்களா? அண்ணி நல்லா இருக்காங்களா?" என்றான் வில்சன். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"தம்பி, அன்னைக்கு நீ கட்டின கான்வாஸ் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் நனைஞ்ச மூலையில மட்டும் அஞ்சு தடவையும் கைய விட்டேன். வேணும்னே விட்டேன்."

இயந்திரச் சத்தம் நின்றது. நிறுத்தியிருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியும்ண்ணே," என்றான்.

"என்ன தெரியும்?"

"நான் நல்லாக் கட்டினேன்னு. நான் கட்டினது எனக்குத் தெரியாதா?" பிறகு, "மாமா பக்கத்துல இருக்காரா?" என்றான்.

"இருக்கார்."

"நீங்க சொன்னதக் கேட்டாரா?"

"கேட்டார்."

"அப்ப அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். ஆரோக்கியம் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். நான் வெளியே வந்து கொட்டகை ஓரத்தில் நின்றேன். உள்ளே அவன் குரல் மெதுவாக எழுந்தது, தடைப்பட்டது, மறுபடி எழுந்தது. வெகுநேரம் ஆயிற்று. ஒரு கட்டத்தில் அவன் சிரித்துவிட்டான், வில்சன் அங்கே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள அவ்வளவு இருந்தது. வெயிலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது.

உங்கள் அப்பா